3,600 மீட்டரில் ஆறு பேர், 150 நாள், பாதை கிடையாது: டீசல், தண்ணீர், பேட்டரிக் கணக்கு சரியா?

பனிக்காவல் (கேள்வி)

வணக்கம். வானிலைப் பதிவும் ரேடியோ ரிலேயும் ஒன்றாக இருக்கும் ஒரு மலை நிலையத்துக்குப் பனிக்காலப் பொருள் பட்டியல் போட வேண்டும். உயரம் 3,600 மீட்டர். ஆறு பேர் தங்குவார்கள். பாதை அடைத்துவிட்டால் 150 நாள் வண்டி ஏறாது. ஹெலிகாப்டர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அதுவும் வானம் தெளிந்தால். வெளியே இரவில் மைனஸ் 25 டிகிரி வரை இறங்கும்.

இப்போதைய திட்டம்: 25 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் இரண்டு, ஒரே கொட்டகையில். ஒன்று ஓட, மற்றது ஓய்வில். 24 மணி நேரமும் மின்சாரம். சராசரி லோடு 1.8 கிலோவாட். பம்பும் வாஷிங் மெஷினும் சேர்ந்து ஓடினால் 6 கிலோவாட். டீசல் 6,000 லிட்டர், அதாவது 200 லிட்டர் பேரல் முப்பது. தண்ணீருக்குப் பனியை உருக்கியாக வேண்டும், ஆளுக்கு 20 லிட்டர். அறைகளுக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர். அந்த எண்ணெய் தனிக் கணக்கு. கூரையில் மூன்று சோலார் பேனல் ஏற்கெனவே இருக்கிறது, பேட்டரி பழசாகிவிட்டது.

6,000 லிட்டர் போதுமா? பனி உருக்க எவ்வளவு எரிபொருள் கூடுதலாக ஒதுக்குவது? எந்த ஸ்பேர் இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோம்? பொதுவாக என்ன மறந்துபோகும்?

கிராங்க்கேஸ்

டீசல் போதாது என்பது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை, ஜெனரேட்டர் ரொம்பப் பெரிசு.

25 கே.வி.ஏ. என்றால் பெயர்ப்பலகையில் 20 கிலோவாட். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தி இழக்கும். 3,600 மீட்டரில் 13 கிலோவாட் என்று வையுங்கள். அதிலும் உங்கள் 1.8 வெறும் 14 சதவீதம். 30 சதவீதத்துக்குக் கீழே நாள்கணக்கில் ஓடும் டீசல் இன்ஜின் சூடே ஏறாது. எரியாத எண்ணெயும் கரியும் சேர்ந்து சைலன்சர் இணைப்பில் கறுப்பாக வழியும், இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழத்து ரிங் பிடிக்காமல் ஆயில் மேலேறும். வெட் ஸ்டாக்கிங் என்பது இதைத்தான். பிப்ரவரியில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் ஜெனரேட்டருக்கு நோய் நவம்பரில் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும்.

செலவும் அப்படித்தான். அந்த அளவு இன்ஜின் சும்மா சுற்றவே மணிக்கு 2 லிட்டர் பக்கம் குடிக்கும். 2 × 24 × 150 = 7,200 லிட்டர். 6,000 லிட்டர் 125ஆம் நாள் தீர்ந்துவிடும்.

மாற்று வழி: ஒரே மாடலில் 15 கே.வி.ஏ. இரண்டு, நடுவில் பேட்டரி பேங்க். 15 கே.வி.ஏ. அந்த உயரத்தில் 7.7 கிலோவாட் தரும். அதை 6 கிலோவாட்டில் ஓட்டினால் 78 சதவீத லோடு. இன்ஜினுக்கு உடம்புக்கு ஒத்துப்போகிற அளவு. உங்கள் தேவை நாளுக்கு 43 யூனிட். பேட்டரியில் ஏற்றி இறக்கும் நஷ்டத்தோடு 48 யூனிட். ஆகவே நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் போதும்: காலை 4, மாலை 4. யூனிட்டுக்கு 0.4 லிட்டர் என்று தாராளமாகவே போட்டாலும் நாளுக்கு 19 லிட்டர், 150 நாளுக்கு 2,900 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு சேர்த்து 3,900. மீதி 2,100 லிட்டரைக் குறைக்கச் சொல்லவில்லை. பாதை திறப்பது தள்ளிப்போனால் அதுதான் கைகொடுக்கும்.

ஒரு செட்டிங் முக்கியம். சார்ஜ் 4.2 கிலோவாட், வீட்டு லோடு 1.8, மொத்தம் 6. அந்த நேரத்தில் பம்பும் மெஷினும் வந்தால் ஜெனரேட்டர் டிரிப். இன்வெர்ட்டர்-சார்ஜரில் 'ஜெனரேட்டர் கரன்ட் வரம்பு' என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை வைத்துவிட்டால் வீட்டு லோடு ஏறும்போது சார்ஜ் தானே இறங்கிக்கொள்ளும். அந்த வசதி இல்லாத சார்ஜரை வாங்காதீர்கள்.

150 நாளில் 1,200 மணி நேரம் ஓடும். 250 மணிக்கு ஒரு ஆயில் மாற்றம் என்றால் நான்கு முறை, பாதை திறக்கும் முன் ஒரு முறை. தடவைக்கு 7 லிட்டர், இடையில் ஊற்றுவதோடு 50 லிட்டர் ஆயில் வேண்டும். 15W-40 வேண்டாம், 5W-40 எடுங்கள், குளிரில் அதுதான் இளகி ஓடும். இரண்டு செட்டையும் சம மணி நேரம் ஓட்டுகிற பழக்கம் எனக்கு ஒப்பாது. இரண்டும் ஒரே வாரத்தில் தேய்ந்து நிற்கும். ஒன்றை 70 சதவீதம், மற்றதை 30 சதவீதம் ஓட்டுங்கள். ஓய்வில் இருப்பதையும் வாரம் ஒரு முறை முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது நன்மையை விடக் கெடுதலே அதிகம்.

குளிரில் அதிகம் பேர் கவனிக்காதது கிராங்க்கேஸ் பிரீதர் குழாய். இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஈர ஆவி அதன் வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி கிராங்க் ஆயில் சீலைத் தள்ளிவிடும். தரையெல்லாம் ஆயில், இன்ஜின் காலி. குழாய் முனையைக் கொட்டகைக்கு வெளியே நீட்டாமல், வெதுவெதுப்பான இடத்தில் ஒரு சேகரிப்பு டப்பாவுக்குள் முடியுங்கள். ஏர் இன்டேக்கும் காற்றோடு பனித்தூள் வரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஃபில்டர் ஒரே இரவில் அடைபடும். குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது) உள்ள இன்ஜினுக்கு ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது, பற்றி வெடிக்கும். கூலன்ட் ஹீட்டர் போட்டு அரைமணி சூடாக்கி ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்பேர் என்றால் எல்லோரும் பிஸ்டன், ரிங் என்று போவார்கள். மலைமேல் அதை யார் மாற்றப் போகிறார்கள்? நிற்க வைப்பது சின்னச் சாமான்தான். ஏ.வி.ஆர். கார்டு (வோல்டேஜைச் சீராக வைப்பது) இரண்டு. டீசலைத் திறந்து மூடும் கட்-ஆஃப் சொலினாய்டு, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார், தெர்மோஸ்டாட் தலா ஒன்று. ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் சென்சர் தலா இரண்டு. சென்சர் பொய் சொல்லி இன்ஜினை நிறுத்துவது உண்மையான கோளாறை விட அதிகம் நடக்கும். இன்ஜெக்டர் ஒரு செட், அதன் செம்பு வாஷர் நாலு செட். பெல்ட், ஹோஸ், கிளிப் இரண்டிரண்டு. டீசல் ஃபில்டர் கணக்குப்படி ஐந்து, எடுக்க வேண்டியது பதினைந்து. கலங்கிய பேரல் ஒன்று வந்தால் ஒரே நாளில் மூன்று ஃபில்டர் போகும்.

பேரலைப் படுக்கவைத்து அடுக்குங்கள், மூடிகள் இரண்டும் கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடத்தில் வரும்படி. மூடிக்கு உட்புறம் டீசல் நனைத்துக்கொண்டிருந்தால் இரவு பகல் வெப்ப மாற்றத்தில் வெளி ஈரத்தை உறிஞ்சாது. நிற்கவைத்தால் மேலே தேங்கும் உருகிய தண்ணீரை அது மெல்ல உள்ளே இழுத்துவிடும். பயன்படுத்தும் முன் 24 மணி நேரம் நிமிர்த்தி வைத்துத் தெளியவிடுங்கள், உறிஞ்சு குழாய் அடியிலிருந்து 5 செ.மீ. மேலே நிற்கட்டும். மிச்சத்தைத் தனிப் பேரலில் சேர்த்து மறுபடி தெளியவிடலாம்.

சாதாரண டீசல் மைனஸ் 25இல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். குளிர்கால டீசலாகக் கேட்டு, மெழுகு கட்டத் தொடங்கும் வெப்பநிலையை எழுத்தில் வாங்குங்கள். மண்ணெண்ணெய் கலப்பது கடைசி வழி. கட்டிய பிறகு கலந்தால் கரையாது, முன்பே கலக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு வழுக்குத்தன்மை குறைவு, இன்ஜெக்டர் பம்ப் தேயும். கொட்டகைக்குள் 150 லிட்டர் டே டேங்க் ஒன்று வைத்து, நாளைக்கு வேண்டியதை இன்றே உள்ளே ஏற்றிச் சூடாக வைப்பதுதான் நிம்மதி.

நீர்மட்டம்

தண்ணீர்க் கேள்விக்கு மட்டும். மைனஸ் 20இல் இருக்கும் பனியை 10 டிகிரித் தண்ணீராக்க கிலோவுக்கு 42 + 334 + 42 = 418 கிலோஜூல் வேண்டும். லிட்டருக்கு 0.116 யூனிட். நாளுக்கு 120 லிட்டர் என்றால் 14 யூனிட் வெப்பம். நிலையத்தின் ஒரு நாள் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு இது! பட்டியலில் 'தண்ணீர்: பனி' என்று ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயம்.

அடுப்பில் உருக்கினால், டீசல் லிட்டருக்கு 10 யூனிட், அடுப்பின் திறன் 60 சதவீதம்: நாளுக்கு 2.3 லிட்டர், பருவத்துக்கு 350 லிட்டர். மின்சாரத்தில் உருக்கினால் அதைப்போல் இரண்டரை மடங்கு.

இரண்டையும் விட நல்ல வழி, ஜெனரேட்டர் வீணாக்கும் வெப்பம். எரியும் டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரம். ஒரு பங்கு கூலன்ட்டில், இன்னொரு பங்கு புகையில் போகிறது. 48 யூனிட் மின்சாரம் எடுக்கும்போது கூலன்ட்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவே வரும். பாதியைப் பிடித்தாலே 24 யூனிட், உங்கள் தேவை 14. கூலன்ட் லைனில் ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டு திரவமும் கலக்காமல் வெப்பம் மட்டும் மாறும் கருவி), அதிலிருந்து உருக்குத் தொட்டிக்கு இரண்டாவது சுற்று. அந்த இரண்டாவது சுற்றில் ஓடுவது புரொப்பிலீன் கிளைகாலாக இருக்கட்டும். வண்டிகளுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம். சுருளில் ஒரு ஊசித்துளை விழுந்தால் அது குடிநீரில் கலக்கும்.

வெப்பத்தை எடுக்கும் இடம் தெர்மோஸ்டாட் திறந்த பிறகு வரும் பக்கம் இருக்க வேண்டும். முன்பே எடுத்தால் இன்ஜின் 50, 55 டிகிரியிலேயே நின்று, கிராங்க்கேஸ் சொன்ன அதே கரிப் பிரச்சினை வேறு வாசல் வழியாக வரும்.

பனி அள்ளும் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். காற்றில் இறுகிய பனி கன மீட்டருக்கு 350 கிலோ. 120 லிட்டருக்கு 340 லிட்டர் கொள்ளளவு பனி வெட்டிக் கொண்டுவர வேண்டும். புதிதாக விழுந்த பஞ்சுப்பனி 100 கிலோதான், அதையே அள்ளினால் நடை மூன்று மடங்கு. வெட்டும் இடம் வழக்கமான காற்று வரும் பக்கத்தில், நிலையத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி, கொடி நட்டு. புகைக்குழாய், கழிப்பிடம், பேரல் அடுக்கு எல்லாம் காற்று போகும் பக்கம். தொட்டியில் எப்போதும் ஒரு சாண் தண்ணீர் விட்டு வையுங்கள். வெறும் உலோகத்தின் மேல் பனி போட்டால் அடியில் உருகிய கொஞ்சத்தை மேலுள்ள பனி உறிஞ்சிக்கொள்ளும், அடித்தகடு காய்ந்து கருகும், தண்ணீரில் தீய்ந்த வாடை வரும்.

புயல் நாளில் யாரும் வெளியே போகக் கூடாது. அதனால் உள்ளே 600 லிட்டர் சேமிப்பு, ஐந்து நாளுக்கு. கிருமிக்கு: 1,000 லிட்டருக்கு 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 3 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின். அரைமணி கழித்து 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மீந்திருக்க வேண்டும். தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் அரைமணி போதாது, ஒன்றரை மணி கொடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும். கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட்டால் குடிக்கப் பாதுகாப்பானது. சமையலுக்கு மட்டும் அந்த 88 போதாது, பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் எரிபொருள் கணக்கே மாறிவிடும். இரண்டு குக்கர், கேஸ்கட் ஆறு, சேஃப்டி வால்வு நாலு.

கழிவுநீர்க் குழாய் உறைவது ஓட்டம் அதிகமாகி அல்ல, சொட்டுவதால். சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீர் வழியிலேயே பனிக்கட்டியாகி ஒரு வாரத்தில் குழாயை மூடும். உள்ளே 50 லிட்டர் தொட்டியில் சேர்த்து, 100 மி.மீ. குழாயில், நல்ல சரிவில், ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள்.

பனிக்காவல்

மிக்க நன்றி. 15 கே.வி.ஏ.வுக்கு மாற்றச் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கு லித்தியம் நல்லதா, பழைய லெட்-ஆசிட் நல்லதா? இரண்டு ஜெனரேட்டரும் ஒரே கொட்டகையில் இருந்தால் இந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேலை சுலபம் என்று தோன்றுகிறது, அதில் தவறு உண்டா?

சிற்றலை40

பேட்டரி. ஓட்டத்துக்கு நடுவே 8 மணி இடைவெளி, 1.8 கிலோவாட் என்றால் 14.4 யூனிட். லெட்-ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைக்க 29 யூனிட் கொள்ளளவு: 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி, 2 வோல்ட் டியூபுலர் செல் 24. 4.2 கிலோவாட் சார்ஜ் அதற்கு 78 ஆம்பியர், 13 சதவீதம். சரியான அளவு.

அதன் குறை வேறு. கடைசி 20 சதவீதம் ஏறும்போது லெட்-ஆசிட் தானே கரன்ட்டைக் குறைத்துக்கொள்ளும். தினம் 8 மணியில் முழுசாக ஏறாது. அரைகுறையாகவே வாழ்ந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இரண்டு மாதத்தில் கொள்ளளவு சுருங்கும். வாரம் ஒரு நாள் 12 மணி ஓட்டி முழுசாக ஏற்றுங்கள். அந்தக் கடைசி மணிகளில் ஜெனரேட்டர் லோடு இறங்கிவிடும். துணி துவைப்பது, தொட்டியில் இம்மர்ஷன் ஹீட்டர் போடுவது எல்லாம் அப்போதுதான். இதற்கு வாரம் 5, 6 லிட்டர் கூடும், 3,900இல் அடங்கிவிடும். முழுசாக ஏறியதா என்பதை மீட்டரை நம்பாமல், ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்: 1.265 வந்தால் முழுசு, 1.20 என்றால் பாதி. டிஸ்டில்டு வாட்டர் 40 லிட்டர், உறையாத இடத்தில். 'பனி உருகிய தண்ணீர் சுத்தம்தானே' என்று ஊற்றக் கூடாது, பாத்திரத்தின் உப்பே செல்லைக் கெடுக்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இந்த வாராந்திர வேலை கிடையாது, கொள்ளளவும் 20 யூனிட் போதும். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். பேட்டரியைக் கண்காணிக்கும் நல்ல பி.எம்.எஸ். போர்டு சார்ஜை அறுத்துவிடும், அப்போது சூடாக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குச் சார்ஜ் வேண்டும் என்று வட்டத்தில் சிக்குவீர்கள். அதோடு பி.எம்.எஸ். போர்டு ஒன்று போனால் மொத்தப் பேங்கும் நிற்கும். டியூபுலரில் ஒரு செல் போனால் அதைத் தாண்டி வயர் போட்டு 23இல் ஓட்டலாம், சார்ஜர் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். கையில் ஸ்பேனர் மட்டும் உள்ள இடத்துக்கு என் ஓட்டு டியூபுலருக்கு. எதுவானாலும் 15 டிகிரிக்குக் குறையாத அறை வேண்டும். லெட்-ஆசிட் மைனஸ் 20இல் பாதிக் கொள்ளளவுதான் தரும். முழுசாக ஏறியது மைனஸ் 60 வரை உறையாது, காலியானது மைனஸ் 8, 10இலேயே உறைந்து பெட்டி வெடிக்கும். ஹைட்ரஜன் மேலே போகும், காற்றுத் துளை கூரை ஓரத்தில் இருக்கட்டும்.

உங்கள் மூன்று பேனலையும் பாருங்கள். தலா 45 வோல்ட் என்றால் சீரிஸில் 135, 150 வோல்ட் சோலார் சார்ஜ் கன்ட்ரோலருக்குள் இருப்பதாகத் தோன்றும். குளிர்ந்தால் பேனல் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.3 சதவீதம். 25லிருந்து மைனஸ் 25க்கு 50 டிகிரி, 15 சதவீதம், 155 வோல்ட். ஒரு தெளிந்த காலை முதல் வெயிலில் கன்ட்ரோலர் போய்விடும். இரண்டு சீரிஸாக மாற்றுங்கள், மூன்றாவது தனியாக வேறு வேலைக்கு. சாய்வை 70 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் பனி தங்காது, தரைப் பனியின் எதிரொளியும் கிடைக்கும்.

எர்த்திங் என்று கம்பி அடித்து நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பாறையிலும் உறைந்த மண்ணிலும் எர்த் ரெசிஸ்டன்ஸ் வானளவு. ஜெனரேட்டர் நியூட்ரலை அதன் சட்டத்தோடு ஒரே ஓர் இடத்தில் இணைத்து, எல்லா உலோக உடலையும் அந்தப் புள்ளிக்குத் தடித்த வயரில் கட்டுங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் கரன்ட் கசிந்தால் விழ வேண்டிய ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஷாக் அடித்தாலும் விழாது.

ரேடியோ. சாட்டிலைட் போன் இருந்தாலும் எச்.எஃப். (சிற்றலை) ரேடியோ ஒன்று வேண்டும். சுற்றிலும் மலை என்றால் 4 முதல் 7 மெகாஹெர்ட்ஸில் நேர் மேலே அனுப்பி, வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதை வாங்குவதுதான் வழி. அரை அலை டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவின் நீளம் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்த மீட்டர், 5க்கு 28.6 மீட்டர். உயரம் 6 முதல் 10 மீட்டர் போதும், ரொம்ப ஏற்றினால் நேர் மேலே போவது குறையும். கம்பியில் பனி படிந்து அறுக்கும். ஒரு முனையைக் கப்பி வழியாக எடைக்கல்லில் தொங்கவிடுங்கள், கனம் ஏறினால் கல் மேலே போய்க் கம்பி தாழும். பி.வி.சி. உறை கேபிள் குளிரில் வளைத்தால் வெடிக்கும், பாலிஎத்திலீன் உறை வாங்குங்கள். நாளுக்கு இரண்டு நேரம் நிர்ணயித்துப் பேசுங்கள். இரண்டு நேரம் தொடர்ந்து குரல் வராவிட்டால் கீழே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில், இரு பக்கமும் ஒட்டியிருக்கட்டும்.

மருந்துப்பெட்டி

ஒரே கொட்டகை: தவறு, பெரிய தவறு. அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1982 ஏப்ரலில், நடுக் குளிர்காலம் நெருங்கும்போது, மின்நிலையம் தீப்பிடித்தது. ஒருவர் இறந்தார், மற்றவர்கள் ஓரங்கட்டிய பழைய ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பி, கையால் செய்த அடுப்புகளோடு மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். பிரேசிலின் கொமாந்தாஞ்சி ஃபெராஸ் நிலையம் 2012 பிப்ரவரியில் எரிந்ததும் ஜெனரேட்டர் அறையில் தொடங்கித்தான். இருவர் இறந்தார்கள், முதன்மைக் கட்டடம் பெரும்பாலும் போயிற்று. இரண்டாவது செட் 30 மீட்டராவது தள்ளி, காற்றின் குறுக்காக இருக்கட்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் முதல் செட்டுக்கு மட்டும் போதும். அந்த இரண்டாவது கொட்டகையை ஒட்டியே ஒரு அடைக்கல அறை: ஆறு தூக்கப்பை, ஒரு அடுப்பு, பத்து நாள் உணவு, ரேடியோ, மாற்று பூட்ஸும் கையுறையும். இரவில் தீப்பிடித்தால் ஆட்கள் காலுறையோடுதான் வெளியே வருவார்கள். உலர் பவுடர், கார்பன் டை ஆக்சைடு அணைப்பான்கள் மட்டும். தண்ணீர் வகை உறைந்துவிடும்.

அடுத்து உங்கள் மண்ணெண்ணெய் ஹீட்டர்கள். கடல்மட்டத்துக்கு அமைத்த பர்னர் 3,600 மீட்டரில் காற்றுப் போதாமல் புகைந்து கார்பன் மோனாக்சைடு தரும். எண்ணெய் விடும் அளவை உயரத்துக்கு ஏற்பக் குறைக்க வேண்டும், புகைக்குழாய் வெளியே போகாத ஹீட்டரை ஏற்றவே கூடாது. 1934இல் அண்டார்டிகாவில் தனியாகக் குளிர்காலம் கழித்த அட்மிரல் பேர்ட் இந்த வாயுவால்தான் சாகக் கிடந்தார். அவர் அனுப்பிய மோர்ஸ் செய்திகள் குழறியதைப் பார்த்துத்தான் தலைமை முகாமில் சந்தேகம் வந்தது.

உங்கள் உயரத்தில் இதில் ஒரு கூடுதல் சிக்கல். தலைவலி, குமட்டல், அயர்ச்சி: மலைநோயும் இப்படித்தான், மோனாக்சைடும் இப்படித்தான். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால், வெளிக்காற்றில் ஒரு மணி நேரத்தில் தணிந்தால், அறைக்குத் திரும்பியதும் மறுபடி வந்தால், முதலில் ஹீட்டரை அணையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜனும் மோனாக்சைடும் வித்தியாசம் தெரியாது, நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தூங்கும் அறையிலும் அலாரம், படுக்கை உயரத்தில். காலையில் முதலில் எழுபவர் எல்லாப் புகைக்குழாய் வாயிலும் பனி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அன்றாட வேலை.

மலைநோய் நுரையீரலில் நீர் கோத்தால் மருந்து கீழே இறங்குவதுதான், உங்களுக்கு அது கிடையாது. எனவே காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அழுத்தப் பை (நோயாளியை உள்ளே வைத்துக் காற்றழுத்தம் ஏற்றுவது), மருத்துவர் எழுதிக் கொடுத்த டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின். கான்சன்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும், நாள் முழுதும் ஓடினால் 8.4 யூனிட். உங்கள் 43 யூனிட் கணக்கில் அது இல்லை என்று நினைக்கிறேன். சேர்த்தால் நோயாளி இருக்கும் நாட்களில் ஜெனரேட்டர் ஒன்றரை மணி அதிகம் ஓட வேண்டும்.

ஏறும் முன் ஆறு பேருக்கும் பல் பரிசோதனை, எக்ஸ்-ரேயோடு. பாதி அடைத்த பல்லோடு யாரும் ஏறக் கூடாது. குடல்வால் பற்றி மருத்துவர் முடிவெடுக்கட்டும். 1961இல் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனிட் ரோகசோவ் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தது, அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான் என்பதால். உங்களிடம் அந்த ஒருவரும் இல்லை.

ஆட்கள் விஷயத்தில் சுருக்கமாக. சண்டை பெரும்பாலும் கொள்கையில் வராது. பாத்திரம், இரவுச் சத்தம், இன்டர்நெட் நேரம் இதில்தான் வரும். பனி வெட்டுவதும் கழிப்பறை கழுவுவதும் பொறுப்பாளர் உட்பட எல்லோருக்கும் சுற்றில். தூங்கும் நேரம் ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டே போகும். ஒரு வேளைச் சாப்பாடாவது ஆறு பேரும் ஒரே நேரத்தில் என்று வையுங்கள். பாதி நாள் தாண்டிய பிறகுதான் சோர்வு அதிகம் என்று துருவ நிலையங்களில் சொல்வதுண்டு. எல்லா ஆய்விலும் அது தெரியவில்லை, ஆனாலும் புதுத் தின்பண்டத்தையும் படங்களையும் மொத்தமாக முதல் மாதத்திலேயே திறந்துவிடாமல் 80ஆம் நாளுக்குப் பூட்டி வைப்பதில் நஷ்டமில்லை. வைட்டமின் டி மாத்திரை எல்லோருக்கும்.

கிராங்க்கேஸ்

மருந்துப்பெட்டி சொன்ன 30 மீட்டருக்கு ஒத்துக்கொள்கிறேன். ஒரு சேர்க்கை: இரண்டாவது கொட்டகைக்குத் தனி டே டேங்க், தனி ஸ்டார்ட்டிங் பேட்டரி, ஸ்பேரில் பாதி. எல்லா ஸ்பேரும் முதல் கொட்டகை அலமாரியில் இருந்தால் அதுவும் சேர்ந்தே எரியும். இரண்டுக்கும் நடுவே புயலில் பிடித்துக்கொண்டு போக இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள்.

டியூபுலர் என்று முடிவானால் செல்களைக் கடைசி வண்டியில் அனுப்பாதீர்கள். ஆசிட் ஊற்றிய செல் முதல் சார்ஜுக்குத் தொடர்ந்து பல மணி நேரம் கேட்கும், ஒன்றிரண்டு பழுதாகவும் வரும்.

பாதை அடைக்க மூன்று வாரம் இருக்கும்போது ஏழு நாள் முழு ஒத்திகை வையுங்கள்: ஆறு பேர், வண்டி ஏறாது என்ற நினைப்பில், உருக்கிய தண்ணீர் மட்டும். பனி இன்னும் விழவில்லை என்றால் அதே அளவு குளிர்ந்த தண்ணீரைத் தொட்டியில் சூடாக்கி, எக்ஸ்சேஞ்சர் 14 யூனிட் தருகிறதா என்று அளக்கலாம்: 120 லிட்டர் 10 டிகிரி ஏற 1.4 யூனிட், அந்த விகிதத்தில். ஒவ்வொரு நாளும் டே டேங்க் அளவுகோல், ஓடிய மணி, ஏறிய யூனிட் மூன்றையும் எழுதுங்கள். நாளுக்கு 19 லிட்டருக்குப் பதில் 24 வந்தால் அப்போதே காரணம் தேட நேரம் இருக்கும். பெரும்பாலும் பட்டியலில் எழுதாத ஒரு ரூம் ஹீட்டர் யாராவது கட்டிலுக்கு அடியில் சொருகியிருப்பார்கள்.